தங்கவேலு தலையில் போட்ட பழி

அக்டோபர் 5, ஞாயிறு

விடியறதுக்கு முன்னாலிருந்தே தூறல். சர்ச்சுக்குப் போகலை. வயிறு சரியில்லைன்னு பக்கத்து வீட்ல சொல்லியனுப்பினேன். வயிறு நல்லாத்தான் இருக்கு.

வேலைகள்: டிரம்ஸ் உறை காயப்போடணும் (நேத்து வண்டியில இருந்து இறக்கும்போது நனைஞ்சது). கேஸ் புக் பண்ணணும். முட்டிக்குத் தைலம்.

நேத்துக் கச்சேரி. இப்பவே எழுதி வெச்சுடணும். விட்டா ரெண்டு நாள்ல எனக்கு வசதியா ஞாபகத்தை மாத்திக்குவேன்.

மேடையில வழக்கம்போல நாலு பேர். இஸ்மாயில் பாய் சாக்ஸபோன், அவர்தான் குழுத் தலைவர். ஸ்டீபன் பியானோ. தங்கவேலு பாஸ், அந்த ஆள் உயரத் தந்தி வாத்தியம். நான் டிரம்ஸ். நல்ல கூட்டம். முன் வரிசையில ஹாலந்துல இருந்து வந்த அம்மா, அவங்க ஊர் ஜாஸ் விழாவுக்கு ஆள் பார்க்க வந்தவங்க.

கடைசிப் பாட்டு பாயோட சொந்தப் பாட்டு. நடுவுல எல்லாரும் நிறுத்திடுவாங்க, நான் மட்டும் தனியா வாசிப்பேன். அது முடிஞ்சதும் தங்கவேலு பாஸ்ல ஒரு சின்ன வரியை ரெண்டு தடவை வாசிப்பார். ரெண்டாவது முடிஞ்ச உடனே நாலு பேரும் சேர்ந்து உள்ளே வரணும். அஞ்சாறு வருஷமா இப்படித்தான். தூக்கத்துல எழுப்பினாலும் வாசிப்போம்.

நேத்து ரெண்டு தடவை முடிஞ்சதும் பாயும் ஸ்டீபனும் உள்ளே வந்தாங்க. நான் வரலை. தங்கவேலு மூணாவது தடவையும் அதையே வாசிச்சார், அதுக்கப்புறம்தான் வந்தேன். நானும் தங்கவேலும் ஒரு இடத்துல, அவங்க ரெண்டு பேரும் வேற இடத்துல. நாலு சந்தைக்கடை சத்தம் ஒண்ணா. பாய் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சார். ஜனங்க கை தட்டினாங்க, பாவம் பார்த்துத் தட்டற மாதிரி.

மேடைக்குப் பின்னாடி பாய் கேட்டார்: "எங்க போச்சு? யாரு விட்டது?"

யாரும் பேசறதுக்கு முன்னால நான் பேசிட்டேன். "தங்கவேலு மூணு தடவை போட்டாருங்க பாய். நான் அவரு பின்னாடி போயிட்டேன்."

தங்கவேலு பாஸைத் துணியால மூடிட்டு இருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. கணக்குத் தப்பிப்போன பையன் பார்க்கற மாதிரி. "அப்படீங்களாக்கா? மூணு ஆயிப்போச்சுங்களா?"

"ஆமாங்க"ன்னேன்.

ரொம்பச் சுலபமா வந்துச்சு அந்த ஆமாங்க.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை விட்டாச்சு. புழுக்கம்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் என் செல்போனை டிரம்ஸ் பக்கத்துல வெச்சுப் பதிவு பண்றது பழக்கம். அது என்கிட்ட மட்டும்தான் இருக்கு. பாய் கெட்டுப்போன கச்சேரியைத் திரும்பக் கேக்கவே மாட்டார். பிள்ளை விழுந்து அடிபட்டதை யாராச்சும் வீடியோல பார்ப்பாங்களான்னு கேப்பார்.

இன்னைக்கு மத்தியானம் வலது காதுல மட்டும் மாட்டிக் கேட்டேன். பதினோரு தடவை.

ஒரு தடவை. ரெண்டு தடவை. சாக்ஸ் வருது, பியானோ வருது. டிரம்ஸ் இல்லை. பாஸ் ஒரு மூச்சு நிக்குது. எனக்காக நிக்குது. நான் வரலைன்னதும்தான் மூணாவது தடவை.

அவர் சரியா வாசிச்சிருக்கார். முதல் தடவை வாசிச்சது எனக்குக் கேக்கவே இல்லை. ரெண்டாவதை முதல்னு நினைச்சிருக்கேன்.

அவர் எப்பவும் என் இடது கைப்பக்கம்தான் நிப்பார். இடது காது போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. யாருக்கும் தெரியாது. அவர் விரலைப் பார்த்து வாசிச்சிட்டு இருந்தேன். சனிக்கிழமை மேடையில விளக்கு நீலமாப் போட்டுட்டாங்க, விரல் தெரியலை.

சனிக்கிழமை சொன்னப்ப எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கலாமா? சந்தேகம் இருந்துச்சு. சந்தேகம் இருந்ததாலதான் முந்திக்கிட்டேன்.

ராத்திரிக்கு ரெண்டு இட்லி.

அக்டோபர் 9, வியாழன்

காலையில பாய் போன். நல்ல செய்தி. ஹாலந்து விழாவுக்கு எடுத்துட்டாங்க. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி வாசிச்சதெல்லாம் அந்தம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சாம்.

நான் அவர் மாதிரியே "அல்ஹம்துலில்லா"ன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்வேன், அவர் சிரிப்பார். இன்னைக்கு சிரிக்கலை.

"தங்கவேலு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன் ராணி. அவ்வளவு பெரிய மேடையில இப்படி ஒண்ணு ஆச்சுன்னா? பெங்களூர்ல ஒரு தம்பி இருக்கான், அவன வரச் சொல்லிட்டேன். நீ என்ன சொல்றே?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் திறந்துதான் இருந்துச்சு.

"நீங்க பார்த்துச் செய்யுங்க பாய்."

"நேத்தே அவருகிட்டச் சொல்லிட்டேன். 'சரிங்க பாய், நல்லபடியாப் போயிட்டு வாங்க'ன்னாரு. நல்ல மனுசன்."

தங்கவேலுக்கு நாப்பத்தேழு வயசு. காங்கேயத்துல ஒரு எண்ணெய் மில்லுல மேஸ்திரி. மில்லு டெம்போவுல பாஸை ஏத்திட்டு வருவார். வெளிநாட்டு விமானம் ஏறினதில்லை. உள்ளூர் விமானமும் ஏறினதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

விழா மலர்ல போடறதுக்கு என் வாழ்க்கைக் குறிப்பு வேணுமாம். ஒரு பக்கம். ஸ்டீபன் இங்கிலீஷ்ல மாத்தித் தருவார்.

எழுதினது:

போத்தனூரில் பிறந்தவர். ஒன்பது வயதில் டிரம்ஸ் தொட்டார். பதினேழு வயதில் முதல் மேடை. ஊட்டி, சென்னை ஓட்டல் இசைக்குழுக்களில் எட்டு வருஷம். பயணக் கப்பலில் பதினொரு வருஷம், முப்பத்தெட்டு நாட்டுத் துறைமுகங்கள். டிரம்ஸுடன் கஞ்சிரா, மண்பானை, தகரம் என்று கிடைப்பதை எல்லாம் சேர்த்து வாசிப்பவர். கோவை திரும்பி இஸ்மாயில் பாயுடன் குழு.

எழுதாதது:

அப்பா கொடுமுடிப் பக்கம் கரும்பு வெட்டினவர். போத்தனூர் வந்து கூட்ஸ் ஷெட்டுல மூட்டை தூக்கினார். அம்மா ரயில்வே காலனியில ஒரு என்ஜின் டிரைவர் வீட்ல வேலைக்கு. அந்த வீட்டு ஹால்லதான் டிரம்ஸ் இருந்துச்சு. அம்மா கூட்டிட்டு இருக்கும்போது நான் தொட்டேன். அந்த வீட்டு அம்மா அடிக்கலை. "மறுபடி தட்டு"ன்னாங்க. அப்படித்தான் ஆரம்பம்.

பதினேழு வயசுல ரயில்வே மன்றத்துல கிறிஸ்துமஸ் நடனம். வாசிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். இரவல் கவுனோட உட்கார வெச்சாங்க. வாசிச்சேன். முடிஞ்சதும் ஒருத்தர் கேட்டார், யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? பின்கட்டுல அம்மா தட்டு கழுவிட்டு இருந்தாங்க. நான் நின்ன இடத்துல இருந்து முதுகு தெரிஞ்சுது. "எங்கப்பா ரயில்வே கார்டுங்க"ன்னேன். கொடி காட்டி ரயிலை அனுப்பற உத்தியோகம்.

கப்பல்லயும் அதையேதான் சொன்னேன். பதினொரு வருஷம். அம்மா செத்த செய்தி வந்தப்ப, கார்டோட சம்சாரம் செத்ததுக்குத்தான் எல்லாரும் வந்து துக்கம் கேட்டாங்க.

ஆக சனிக்கிழமை சொன்னது முதல் பொய் இல்லை. ஆனா அந்தப் பொய்யெல்லாம் என்னை உயர்த்திக்கிறதுக்கு. இது இன்னொருத்தரை இறக்கறதுக்கு.

குறிப்பை ஸ்டீபனுக்கு இன்னும் அனுப்பலை.

அக்டோபர் 13, திங்கள்

காது டாக்டர். ரெண்டு வருஷமாத் தள்ளிப்போட்டது. ஊர்ல யாரும் பார்த்துடக் கூடாதுன்னு திருப்பூர்ல போய்ப் பார்த்தேன்.

கண்ணாடி அறைக்குள்ள உட்கார வெச்சு, காதுல மாட்டி, கையில ஒரு பட்டன். வெளியே ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசிருக்கும். "சத்தம் கேட்டா அமுத்துங்கம்மா. லேசாக் கேட்டாலும் அமுத்துங்க."

வலது காது பரவாயில்லை. இடதுக்கு மாத்தினா. ஒண்ணுமில்லை. ஆனா வலதுக்கு எவ்வளவு நேரம் விட்டு விட்டு சத்தம் வந்துச்சுன்னு எனக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அந்தக் கணக்குலயே அமுத்தினேன். நாலஞ்சு தடவை அமுத்தியிருப்பேன்.

அந்தப் பொண்ணு கதவைத் திறந்தா. "அம்மா, நான் இன்னும் சத்தமே போடலீங்களே."

இப்படி ஒரு வெக்கம் என் வாழ்க்கையில பட்டதில்லை. ஒரு மெஷினை ஏமாத்தப் பார்த்திருக்கேன். என் காதுக்கு மருந்து கேட்டுப் போன இடத்துல.

டாக்டர் நல்ல மனுஷர். இடது காது நரம்பு போயிடுச்சு, திரும்ப வராது. வலதும் மெதுவா இறங்குது. "என்ன வேலை பாக்கறீங்க?"

"டெய்லருங்க"ன்னேன்.

ஏன் சொன்னேன்?

அக்டோபர் 15, புதன்

தீபாவளிக் கூட்டம். ஒப்பணக்கார வீதியில கால் வைக்க இடமில்லை. பெட்ஷீட் ரெண்டு வாங்கினேன், ஒண்ணு ஓட்டை.

மத்தியானம் தங்கவேலு போன். பேர் தெரிஞ்சதும் எடுக்க பயம். அடிச்சு ஓய்ஞ்சு மறுபடி அடிச்சுது.

"ஏனுங்க்கா, வேலையா இருந்தீங்களா? ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு உங்ககிட்ட மன்னிப்பே கேக்காம வந்துபோட்டேன். அதான் மனசே கேக்கல."

"எதுக்குங்க மன்னிப்பு?"

"உங்க தனி வாசிப்பு அன்னைக்கு அவ்வளவு நல்லாருந்துச்சுங்க. மேல கொண்டுபோயி நிறுத்துனீங்க. நான்தான் கெடுத்துப்போட்டேன். எனக்கு ரெண்டுன்னுதானுங்க இருந்துச்சு. சத்தியமா ரெண்டுன்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க வரலியேங்க, ஒண்ணுதான் ஆயிருக்கும்னு மறுக்கா போட்டேன். நீங்க வரலீன்னா நான்தான தப்பா இருக்கோணும்?"

போனை வலது காதுல அழுத்திப் பிடிச்சிட்டு நின்னேன். குக்கர் மூணு விசில். நாலு.

"தங்கவேலு, பேசறேன், அடுப்புல வேலை"ன்னு வெச்சுட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நேர்ல போய்ச் சொல்லிடறதுன்னு கிளம்பினேன். சிங்காநல்லூர்ல பஸ். பல்லடம் தாண்டினதும் லேசான மழை. என்ன சொல்றதுன்னு வாக்கியம் வாக்கியமா மனசுல அடுக்கிட்டேன். முதல் வாக்கியம்: தங்கவேலு, தப்பு என்னோடது.

மில்லு வாசல்ல விசாரிச்சேன். களத்துல இருந்தார். மழை வருதுன்னு காயப்போட்ட கொப்பரைத் தேங்காய்ப் பருப்பையெல்லாம் அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "அக்கா! ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பனே. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

வீடு மில்லுக்குப் பின்னாடி தெரு. அவர் சம்சாரம் சுமதி, பத்தாவது படிக்கிற பொண்ணு. ஹால் மூலையில பாஸ். பழைய சேலையால சுத்திக் கட்டி, செவுத்தைப் பார்த்துத் திருப்பி நிக்க வெச்சிருந்தாங்க.

அரிசிப்பருப்புச் சாதம், மேலே நெய், கத்திரிக்காய்ப் பொரியல். சாப்பிடும்போது சுமதி சொன்னாங்க: "அவரு இப்பல்லாம் எல்லாத்தையும் எண்ணறாருங்க. படியேறுனா எண்ணறாரு. மூட்டை ஏத்தறப்ப ஆளு எண்ணுனதுக்கு மேல இவரு மறுக்கா எண்ணறாரு. பாப்பாவ உட்கார வெச்சு மேசையில தட்டிக் காட்டறது, எத்தனன்னு சொல்லு கண்ணுங்கறது. பாப்பா சொன்னாலும் நம்பறதில்ல."

தங்கவேலு சிரிச்சார். "காது மந்தமாயிருச்சாட்ட இருக்குதுங்கக்கா. டாக்டருகிட்டப் போலாமான்னு நெனைக்கறேன்."

என் காது செத்துப்போனதை அவர் தன் காதுன்னு நினைச்சிட்டு இருக்கார்.

அப்ப சொல்லியிருக்கணும். கையில அவங்க வீட்டுச் சோறு. பொண்ணு எதிர்ல. சுமதி நெய் ஊத்தறாங்க.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கிளம்பறப்ப ரெண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய், புதுசா ஆட்டினது. வேண்டாம்னேன். கேக்கலை. மடியில வெச்சிட்டே பஸ்ல வந்தேன். கொஞ்சம் கசிஞ்சு சேலையெல்லாம் எண்ணெய் வாசம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தெரு முழுக்கப் பட்டாசு. எனக்கு எல்லாம் வலது பக்கம்தான் வெடிக்குது. இடது பக்கம் ஒரு பையன் சரம் கொளுத்தினது பார்த்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, பதறிட்டேன்.

பக்கத்து வீட்ல முறுக்கு, லட்டு. பாய் வீட்ல இருந்து சேமியா பாயசம் வந்துச்சு, வருஷா வருஷம் வரும்.

யாருமில்லாத வீட்ல பண்டிகை சீக்கிரம் முடிஞ்சுடுது. மூணு மணிக்கெல்லாம் துணி துவைச்சு முடிச்சேன்.

ஏன் சொல்ல முடியலைன்னு யோசிச்சேன். பயம் ஹாலந்து போயிடும்னு இல்லை. ஹாலந்தை நான் கப்பல்ல நாலு தடவை பார்த்தவ. பயம் வேற. டிரம்ஸ் வாசிக்கிறவன்னு இல்லாம நான் யாரு? அம்பத்தெட்டு வயசு, போத்தனூர்ல தனியா இருக்கற ஒரு பொம்பளை. மூட்டை தூக்கினவர் பொண்ணு. அதை ஒருத்தரும் பார்த்துடக் கூடாதுன்னுதான் நாப்பது வருஷமா இவ்வளவு சத்தம் போட்டிருக்கேன்.

அதுக்காகத் தங்கவேலு செவுத்தைப் பார்த்து நிக்கணுமா?

அக்டோபர் 22, புதன்

சொல்லிட்டேன்.

போன் பண்ணிட்டுப் போனேன். வீட்டுக்கு வரலை, மில்லுலயே பார்க்கலாம்னேன். குடோன்ல மூட்டை மேல உட்கார்ந்தோம். அடுக்கி வெச்ச வாக்கியம் ஒண்ணும் வரலை.

"தங்கவேலு, நான் உள்ளே வர வேண்டிய இடத்துல நீங்க ரெண்டு தடவைதான் வாசிச்சிருந்தீங்க."

"என்னங்கக்கா?"

"அன்னைக்கு. நீங்க வாசிச்சது சரி. நான்தான் வரலை. முதல் தடவை வாசிச்சது எனக்குக் கேக்கலை. இடது காது எனக்குச் சுத்தமாக் கேக்காதுங்க. ரெண்டு வருஷமா."

போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைக் குனிஞ்சு கேட்டார். ஒரு தடவை. மறுபடி போடச் சொன்னார். விரல்ல எண்ணினார். ஒண்ணு, ரெண்டு. அங்க சாக்ஸும் பியானோவும் வருது, டிரம்ஸ் இல்லை.

"ரெண்டு தானுங்களா?"

"ரெண்டுதாங்க."

"அப்ப என்ற காது நல்லாத்தான் இருக்குதுங்களா?"

முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து ரெண்டடி நடந்தார், துண்டால முகத்தைத் துடைச்சார், மறுபடி வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு என் மேல கோபமே இல்லை. காது இருக்குதுங்கற சந்தோஷம் மட்டும்தான். அதைப் பார்க்கறது அடி வாங்கறதை விட மோசம்.

அப்புறம் சிரிப்பு மெதுவா வடிஞ்சுது.

"இது எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

"மூணாம் நாளே."

"போன வெள்ளிக்கெழம வந்தப்ப?"

"தெரியும்."

"எங்கூட்டுல உக்காந்து சோறு உண்டப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியுங்க."

வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டாங்க. "வாரேன்"னு குரல் குடுத்துட்டு எழுந்தார். கோபமாப் பேசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"நாலரைக்கு ஒரு பஸ் இருக்குதுங்க. அதுல போனீங்கன்னா இருட்டறதுக்குள்ள போயிரலாம்."

அவ்வளவு மரியாதையா.

அக்டோபர் 23, வியாழன்

காலையில சுமதி போன். முதல் தடவையா எனக்கு அவங்க போன் பண்றது.

"ஏனுங்க, பதினெட்டு நாளு. பதினெட்டு நாளு அந்த மனுசன் தூங்கலீங்க. என்ற புருசனுக்குக் கிறுக்குப் பிடிக்குதோன்னு நான் கோயில் கோயிலா ஏறி எறங்குனேன். நெய் ஊத்துனேனே உங்களுக்கு."

"தப்புதாங்க சுமதி."

"தப்புன்னு என்றகிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க? அவரு தப்புன்னு யாருகிட்டச் சொன்னீங்களோ, அங்க போயிச் சொல்லுங்க. அவங்க அத்தன பேரும் இருக்கறப்ப."

வெச்சுட்டாங்க. அவங்க சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லை. நேத்து பஸ்ல வரும்போது பெரிசா ஏதோ செஞ்சு முடிச்சுட்ட மாதிரி எனக்கு ஒரு நிம்மதி இருந்துச்சு, அதுக்கும் சேர்த்து வெக்கம்.

அக்டோபர் 25, சனி

கோட்டைமேட்டுல பாய் கடை மாடியில ரிகர்சல். கீழே வாத்தியம் ரிப்பேர் பண்ற கடை, மேலே நாங்க. பெங்களூர்த் தம்பி வந்திருந்தான். ஸ்டீபன் டீ வாங்கி வெச்சிருந்தார்.

நான் டிரம்ஸ் பக்கம் போகலை. நின்னபடியே சொன்னேன். சொன்ன வரிசை: தங்கவேலு சரியா வாசிச்சார். நான் வரலை. எனக்கு இடது காது கேக்காது. தெரிஞ்சே அவர் மேல போட்டேன். பதிவு இதோ இருக்கு.

தெருவுல ஆட்டோ ஹாரன். ஸ்டீபன் டீ கிளாஸைக் கீழே வெச்சார்.

பாய்க்கு எழுபது ஆகப்போகுது. கப்பல்ல ஒண்ணா வாசிச்ச காலத்துல இருந்து முப்பது வருஷப் பழக்கம். எங்கம்மா செத்தப்ப, உண்மை தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். கார்டு கதையையும் யார்கிட்டயும் உடைச்சதில்லை. கத்துவார்னு நினைச்சேன்.

"ரெண்டு வருஷம்னா சொன்னே?"

"ஆமாங்க பாய்."

"அப்ப ரெண்டு வருஷமா நான் வாசிச்சத நீ கேக்கவே இல்லியா ராணி?"

"பாதி கேட்டேன் பாய். மீதி ஞாபகத்துல இருந்து வாசிச்சேன்."

அவர் சாக்ஸைக் கழட்டிப் பெட்டியில வெச்சார். ஒவ்வொரு துண்டாத் துடைச்சு வெச்சார். பெங்களூர்த் தம்பிகிட்ட, "தம்பி, மன்னிக்கணும். இந்த இடத்துக்கு ஒருத்தர் ஏற்கனவே இருக்காரு"ன்னார். அவன் தங்கமான பையன், ஒண்ணும் கேக்காம எழுந்துட்டான்.

அப்புறம் எங்க எல்லார் முன்னாடியும் போன் போட்டார்.

"தங்கவேலு, இஸ்மாயில் பேசறேன். நான் விசாரிக்காம உங்கள அனுப்பிட்டேன். தப்பு என்னோடதும்தான். திரும்ப வாங்க. வருவீங்களா?"

அந்தப் பக்கம் என்ன பதில்னு தெரியலை. பாய் "ம்... ம்"னு கேட்டுட்டே இருந்தார். கடைசியில என்னைப் பார்த்துட்டே சொன்னார்: "டிரம்ஸுக்கு யாருங்கறீங்களா? அத நான் சொல்ல மாட்டேன். அவ வாசிக்கலாமா வேண்டாமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. பக்கத்துல நிக்கறது நீங்கதானே."

வீட்டுக்கு வந்ததும் வாழ்க்கைக் குறிப்பை எடுத்தேன். "போத்தனூரில் பிறந்தவர்" பக்கத்துல, "கூட்ஸ் ஷெட் மூட்டைத் தொழிலாளியின் மகள்"னு எழுதினேன். ஸ்டீபனுக்கு அனுப்பிட்டேன். இனி தேவைப்படுமோ படாதோ.

அக்டோபர் 28, செவ்வாய்

வெயில். ரேஷன். முட்டி.

தங்கவேலுகிட்ட இருந்து போன் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

தங்கவேலு போன். ரெண்டே வரி. "சனிக்கெழம மில்லு லீவுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு டிரம்ஸ் எடுத்துட்டு வாங்க."

"சரிங்க"ன்னேன். நலம் விசாரிக்கலாமான்னு யோசிக்கறதுக்குள்ள வெச்சுட்டார்.

நவம்பர் 1, சனி

ஸ்டீபன் கார்ல கொண்டுபோய் இறக்கிவிட்டுட்டு, சாயங்காலம் வரேன்னு போயிட்டார்.

மூட்டையெல்லாம் ஓரம் தள்ளி குடோன் நடுவுல இடம் பண்ணி வெச்சிருந்தார். பாஸ் நின்னுட்டு இருந்துச்சு, சேலை இல்லாம. சுமதி வரலை. பொண்ணு மட்டும் ஒரு செம்புல மோர் வெச்சுட்டு, என்னைப் பார்க்காமப் போச்சு.

பேச்சு அதிகமில்லை. உட்கார்ந்தேன். நான் தனியா வாசிக்கிறது, அப்புறம் அவரோட ரெண்டு தடவை, அப்புறம் நான் உள்ளே வர்றது. அதை மட்டும் பத்துத் தடவை பார்க்கலாம்னார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. என்ற கையப் பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். எதிர்ல மூட்டைங்க.

முதல் தடவை சரியா வந்தேன். ரெண்டாவது வரலை. மூணாவது அவர் இடம் மாறி வலது பக்கம் வந்தார், சரியா வந்தேன். நாலாவது மறுபடி இடது. அஞ்சாவது தள்ளி நின்னார், மேடையில அவ்வளவு தூரம் இருக்குமாம். ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் "கேட்டுதுங்களா?"ன்னு மட்டும் கேட்டார். சில சமயம் "கேட்டுது"ன்னேன். சில சமயம் "கேக்கலீங்க"ன்னேன். முதல் "கேக்கலீங்க"வை மூட்டைங்களைப் பார்த்து மெதுவாச் சொன்னேன். அப்புறம் சத்தமாவே சொன்னேன்.

நடுவுல மோர் குடிச்சோம். அவர் வாசிப்பு முன்னை விட நல்லா இருக்கு. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு சொல்லலை.

பத்தும் முடிஞ்சுது. எனக்கு விடை தெரியும். அவர் பாஸை சாய்ச்சு வெச்சுட்டு, பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சார். எனக்குக் கேக்கணும்னு வலது பக்கமா மூட்டை மேல வெச்சார்.

"பாய், பாத்துப்போட்டனுங்க."

"எப்படி?"

"நல்லாத்தான் வாசிக்கறாங்க. வாசிப்புல ஒரு குறையுமில்லீங்க. பத்துல நாலு தடவ வரலீங்க."

நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். நாலு இல்லை.

அவருக்கு எண்ணிக்கை தப்பாது. இப்ப அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் எனக்காக ஒண்ணைக் குறைச்சார். என் முகத்தைப் பார்க்காம, தரையில சிதறிக் கிடந்த பருப்பைக் காலால ஓரம் தள்ளிட்டு இருந்தார்.

போன் பக்கம் குனிஞ்சு சத்தமாச் சொன்னேன்: "அஞ்சுங்க பாய். நாலில்லை, அஞ்சு. நான் வரலைங்க பாய், வேற ஆளைப் பாருங்க."

தங்கவேலு நிமிர்ந்து பார்த்தார். பாய் அந்தப் பக்கம் ஒண்ணும் பேசலை. பேசினாரோ, எனக்குத்தான் கேக்கலையோ.